இரண்டு தளங்களுக்கு நடுவே

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தொழில்நுட்பம் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்றார். இரண்டு நிபந்தனையையும் ஒன்றாகப் பூர்த்தி செய்வது கஷ்டம். அதனால் தூக்கத்தைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். ஒரு மனிதன் படுத்துத் தூங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

எங்கள் வீடு மணலி புதுநகரில். சின்ன மனை, கீழே ஒரு ஹால், ஒரு அறை. பிற்பாடு நைனா மேலே ஒரு அறை போட்டார். பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வந்துவிட்டால் பிள்ளைகள் எல்லாம் ஹாலில் வரிசையாகப் படுக்க வேண்டும். அப்போது என் ஆயா அதட்டுவாள்: "கப்பல்ல படுக்கற மாதிரி படுங்கடா. ஒருக்களிச்சு, ஒரே பக்கமா."

கப்பல் என்றால் எனக்குத் தெரிந்தது திருவொற்றியூர் கடற்கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்பது. அதில் யார் ஒருக்களித்துப் படுக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அவளுடைய தாத்தாவின் அண்ணன் கரும்பு வெட்டக் கப்பல் ஏறிப் போனாராம். போனவர் போனவர்தான். கூடப் போன ஊர்க்காரர் ஒருவர் சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து, கப்பலில் எப்படிப் படுத்துக்கொண்டு போனோம் என்று தரையில் படுத்தே காட்டினாராம். அது வீட்டில் ஒரு பேச்சாக நின்றுவிட்டது. போனவரின் பெயர் என்ன ஆயா என்றால், "பெரியவருன்னு சொல்லுவாங்க, பேரு யாருக்குத் தெரியும்" என்பாள். எந்தத் தீவு என்றும் தெரியாது.

இந்தப் பேச்சை நான் மறந்தே போய்விட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி புதுநகரில் அப்போது இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து தெருவுக்குள் வந்தன. கீழ் வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் மாடி அறைக்கு ஏறி வந்தார்கள். 12-க்கு 14 அடி அறை, 17 பேர். கரண்ட் இல்லை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். நடு ராத்திரியில் எனக்கு மூச்சு முட்டுவது போல இருந்தது, எழுந்து உட்கார்ந்தேன். சுவரெல்லாம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. 16 பேரும் ஒருக்களித்து, ஒரே பக்கமாகப் படுத்திருந்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. அப்போதுதான் ஆயாவின் பேச்சு நினைவுக்கு வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு, அந்தக் கப்பல் எப்படித்தான் இருந்தது என்று தேட ஆரம்பித்தேன். மெக்கானிக்கல் படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்று என் மனைவி கேட்டாள். ஆனால் இது வரலாறாக இருந்தாலும் கணக்காகவே வந்து நின்றது.

பாய்மரக் கப்பலை நெடுக்காக அறுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வெயிலும் மழையும் படுகிற மேல்தளம். அடியில் சரக்குக் கிடங்கு. பாரத்துக்காகப் போடும் கல்லும் மண்ணும், தண்ணீர்ப் பீப்பாய், அரிசி மூட்டை எல்லாம் அங்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு தளம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் 'ட்வீன் டெக்' என்பார்கள், இடைத்தளம். சரக்குக் கப்பலில் அது சரக்கு அடுக்கும் இடம்தான். மனிதர்களை ஏற்றுவதானால் தச்சர்கள் வந்து பலகைத் தடுப்பு வைத்துவிட்டுப் போவார்கள். முன்பக்கம் தனி ஆண்கள், நடுவில் குடும்பத்தோடு போகிறவர்கள், பின்பக்கம் தனிப் பெண்கள். வெளிச்சமும் காற்றும் வரும் வழி, மேல்தளத்தில் சரக்கு இறக்குவதற்காக வெட்டிய சதுர வாய்கள் மட்டும். ஏணி வைத்து அதன் வழியாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஐரோப்பியக் குடியேறிகளுக்கு அடுக்குப் பலகைக் கட்டில் அடித்துக் கொடுத்தார்கள். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. தளத்துப் பலகைதான் படுக்கை, ஒரு பாய், ஒரு கம்பளி.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். கல்கத்தாவும் சென்னையும் முக்கியத் துறைமுகங்கள். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் போயிற்று. நடந்த அக்கிரமங்களைக் கேட்டு 1839-இல் இந்திய அரசாங்கமே ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1842-இல் மொரீஷியசுக்கு மறுபடி திறந்தது. அதற்குப் பிறகுதான் சட்டமும் விதியும் வந்தன.

அந்த விதிகளில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் நான் பேப்பரும் பென்சிலும் எடுத்தேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமலில் இருந்த விதி இது: வயது வந்த ஒருவருக்கு இடைத்தளத்தில் 12 சதுர அடி தரை, 72 கன அடி காற்று. அதாவது ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். பத்து வயதுக்குக் கீழே இரண்டு குழந்தைகள் சேர்ந்தால் ஒரு ஆள். நாம் படுக்கும் கோரைப்பாய் ஆறுக்கு மூன்று. அதிலும் மூன்றில் ஒரு பங்கை மடித்து விட வேண்டும். ஆறுக்கு இரண்டு என்ற அளவை நம் ஊரில் வேறு எதற்குத் தோண்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் இருந்தது இன்னும் மோசம். 'புரூக்ஸ்' என்ற இங்கிலாந்து அடிமைக் கப்பலின் வரைபடம் ஒன்று 1788-இல் அச்சாகி, அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அதில் ஒரு ஆணுக்கு ஆறடி நீளம், ஒரு அடி நான்கு அங்குலம் அகலம். பெருக்கினால் 8 சதுர அடி. எட்டிலிருந்து பன்னிரண்டு. ஒரு மனிதன் அடிமையாக இருப்பதற்கும் ஒப்பந்தக் கூலியாக இருப்பதற்கும் தரையில் வித்தியாசம் நான்கு சதுர அடி. 1840-இலேயே இங்கிலாந்து அமைச்சர் லார்ட் ஜான் ரஸ்ஸல் இது புது வகை அடிமை முறையாக ஆகிவிடும் என்று எழுதினார். ஹியூ டிங்கர் என்ற வரலாற்று அறிஞர் 1974-இல் எழுதிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார்.

இனி காற்றுக் கணக்குக்கு வருகிறேன். தம்பிகள் குறித்துக்கொள்ளலாம், வைவாவில் கேட்க மாட்டார்கள். 72 கன அடி என்றால் சுமார் 2,000 லிட்டர். தூங்குகிற மனிதன் மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் கரியமில வாயு விடுவான். வெளிக்காற்றே வராவிட்டால் ஒரு மணி நேரத்தில் முக்கால் சதவீதம். இன்றைய தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைக்கு அரை சதவீதம்தான் வரம்பு. நாலு மணி நேரத்தில் மூன்று சதவீதம். தலை வலிக்கும், மூச்சு வாங்கும். அப்புறம் சூடு. படுத்திருக்கும் உடம்பு ஒரு 75 வாட் பல்பு. 300 பேர் என்றால் இருபத்திரண்டு கிலோவாட்டுக்கு மேலே. வங்காள விரிகுடாவில், மரப்பெட்டிக்குள். அந்த 300 பேரின் மூச்சிலும் வேர்வையிலும் மணிக்கு ஒரு குடம் தண்ணீர் காற்றில் கலக்கும். அது போய்ப் படிய வேண்டிய இடம் தலைக்கு மேலே இருக்கும் உத்திரம். பொழுது விடிவதற்குள் சொட்டும். எங்கள் மாடி அறைச் சுவர் ஏன் வேர்த்தது என்று எனக்கு இப்போது தெரியும்.

காற்றுக்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள், அழகான வழி. கித்தான் துணியில் நீளமான குழாய் தைத்து, மேல் வாயைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் பாய்மரத்தில் கட்டி, கீழ் வாயைத் தளத்து வாசலுக்குள் இறக்குவார்கள். மோட்டார் இல்லை, செலவில்லை. ஆனால் காற்று அடித்தால்தான் அது வேலை செய்யும். பூமத்திய ரேகைப் பக்கம் காற்றே அசையாமல் கப்பல் நாள் கணக்கில் நிற்கும்போது துணி தொங்கிப் போய்விடும், வேண்டிய நேரத்தில் பயன்படாது. புயல் வந்தால் நிலைமை அதைவிட மோசம். வாசல் மேல் பலகை போட்டு, தார்ப்பாய் விரித்து, சட்டம் வைத்து ஆப்படித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அலைத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கப்பலே போய்விடும். மாலுமியின் பக்கம் நியாயம் இருக்கிறது. உள்ளே இருக்கிறவர்களுக்கு இருட்டு.

அப்படி மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1848 டிசம்பரில் அயர்லாந்தில் நடந்தது சாட்சி. 'லண்டன்டெரி' என்ற நீராவிக் கப்பல் ஸ்லைகோவிலிருந்து லிவர்பூல் போகும்போது புயல். மேல்தளப் பயணிகளை முன்பக்கச் சின்ன அறைக்குள் தள்ளி, வாசலை மூடித் தார்ப்பாய் போட்டார்கள். திறந்து பார்த்தபோது 72 பேர் மூச்சு முட்டிச் செத்திருந்தார்கள். ஒரே இரவில். அது பக்கத்துத் தீவுக்குப் போகிற குறுகிய பயணம். நம் ஆட்கள் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போக ஒரு மாதத்துக்கு மேல். கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுக்குப் பாய்மரத்தில் மூன்று மாதம்.

மணலியில் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலைகளிலும் வேலை பார்க்கும் அண்ணன்கள் இங்கே நிறையப் பேர். டேங்குக்குள் ஒரு ஆளை இறக்குவதற்கு என்னென்ன செய்வோம்? பெர்மிட் எழுதுவோம், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று மீட்டர் வைத்துப் பார்ப்போம், உள்ளே இருக்கும் ஆள் வெளியே வரும் வரை மேன்ஹோல் வாசலில் ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். இடைத்தளத்துக்கும் அப்படி ஒருவரை வைத்திருந்தார்கள், கப்பல் டாக்டர். அவர் நல்லவராக, கண்டிப்பானவராக வாய்த்தால் சாவு குறைந்தது. தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலரச் சுரண்டச் சொல்வது, ஈரம் தங்காமல் பார்ப்பது, பகலில் எல்லோரையும் மேலே கிளப்பி விடுவது, சுண்ணாம்பு அடிப்பது, இவ்வளவுதான் அவர் கையில் இருந்த மருந்து. காலராவுக்கு அது போதவில்லை. 1856-57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் சராசரியாக நூற்றுக்கு 17 பேர் வழியிலேயே இறந்தார்கள். 1858-இல் 'சால்செட்' என்ற கப்பல் 324 பேரோடு டிரினிடாட் கிளம்பியது. 120 பேருக்கு மேல் கடலில் போட்டார்கள். அந்தக் கப்பல் தலைவரும் அவர் மனைவியும் எழுதிய நாட்குறிப்பு மறு வருஷமே அச்சாயிற்று. பிறகு கண்காணிப்பு கூடிச் சாவு குறைந்தது. நீராவி வந்து நாளும் குறைந்தது. என் ஆயாவின் பெரியவர் போன காலத்தைக் கணக்குப் போட்டால் அவர் நீராவிக் கப்பலில்தான் போயிருப்பார். படுத்தது என்னவோ அதே இடைத்தளத்தில்.

சென்னையில் கப்பல் ஏறுவதே ஒரு கண்டம். 1860-இல் இங்கே துறைமுகம் கிடையாது, கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். உள் மாவட்டங்களிலிருந்து நடந்தும் வண்டியிலும் வந்த சம்சாரிகள், கடலையே பார்த்திராதவர்கள், மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டிப் போக வேண்டும். ஆணி இல்லாமல் பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்திலேயே நல்ல வடிவமைப்பு அதுதான், நம்மூர் ஆட்கள் செய்தது. 1860 அக்டோபர் 12-ஆம் தேதி 'ட்ரூரோ' சென்னையை விட்டுக் கிளம்பி, நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது. 342 பேர். தென்னாப்பிரிக்காவுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை நேட்டாலுக்கு மொத்தம் 1,52,184 பேர்; அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து. பிஜியில் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினார், நமக்குத் தெரியும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும் வரை படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி நம் பேச்சில் அவ்வளவாக இல்லை.

நான் இப்போது இருப்பது எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், பராமரிப்புப் பிரிவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி இருபதடிக் கண்டெய்னருக்குள் சாக்பீஸோடு போனேன். செக்யூரிட்டி அண்ணன், "சார், ஓட்டை பாக்கறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளளவு நீளம் 19 அடி 4 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம், உயரம் 7 அடி 10 அங்குலம். காற்றுக் கணக்கில் 16 பேர், தரைக் கணக்கில் 12 பேர். ஆக விதிப்படி 12. ஆறுக்கு இரண்டு என்று கட்டம் போட்டுப் பார்த்தேன். எப்படித் திருப்பிப் போட்டாலும் 9 கட்டத்துக்கு மேல் விழவில்லை. ஓரத்தில் ஒன்றே முக்கால் அடிகூட இல்லாத ஒரு நீளப் பட்டை மிச்சம். மீதி மூன்று பேர் அதில். நடக்க வழி இல்லை, சட்டி பானை வைக்க இடம் இல்லை, வாந்தி எடுக்க ஒரு மூலை இல்லை. சதுர அடியை ஆள் கணக்கால் வகுக்கிறவர் மேசையில் உட்கார்ந்து வகுக்கிறார். ஒன்பதாவது ஆளுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்கில் தெரியாது.

ஒரு கட்டத்துக்குள் நானும் படுத்துப் பார்த்தேன். தோள் இரண்டு பக்கமும் கோட்டைத் தொட்டது. ஒருக்களித்தால் சரியாக இருந்தது.

அங்கே படுத்திருக்கும்போது நினைவுக்கு வந்ததைச் சொல்லத்தான் உண்மையில் இன்று மேடைக்கு வந்தேன். கல்லூரி முடித்து முதல் வேலை, ஒரு கான்டிராக்டரிடம். பெயர் வேண்டாம். வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு ஷெட் போட வேண்டும், ஒரு படம் போட்டுக் கொடு என்றார்கள். எனக்கு 23 வயசு, முதல் டிராயிங், பெருமை வேறு. 10-க்கு 12 அறை, இரண்டடுக்குக் கட்டில் நாலு, 8 பேர். ஆளுக்கு 15 சதுர அடி. மேனேஜர் பார்த்துவிட்டு, "சூப்பர்ப்பா, இடமே வீணாகல" என்றார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

அந்த ஷெட் இன்னும் நிற்கிறது. தகரக் கூரை. ஒரு ஜன்னல், அதுவும் கதவு இருக்கும் அதே சுவரில். அப்படி வைத்தால் காற்று உள்ளே வந்து திரும்பிப் போக வழியே இல்லை என்பது இரண்டாம் வருஷப் பையனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. எதிர்ச் சுவரில் ஜன்னல் வைத்தால் அந்தப் பக்கம் ஒரு கட்டில் குறையும், அதனால் வைக்கவில்லை. போன வருஷம் அங்கே போய் டேப் வைத்து அளந்தேன். ஒடிசாப் பையன் ஒருவன் டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டான். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "பதினாறு" என்று தமிழிலேயே சொன்னான். எட்டுக் கட்டில்தானே என்றேன். பகல் ஷிப்ட் எட்டு, நைட் ஷிப்ட் எட்டு. ஒருவன் எழுந்த இடத்தில் இன்னொருவன் படுக்கிறான். நான் போட்ட படத்தில் அது இல்லை, ஆனால் அதற்கு இடம் கொடுத்தது என் படம்தான். 150 வருஷத்துக்கு முன்னால் ஒரு துரை கப்பலில் 12 சதுர அடி கொடுத்தான். நான் மூன்று அடி கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். இப்போது அந்த ஷெட் வேறு ஆள் கையில். மூன்று முறை போய்ப் பேசினேன். எதிர்ச் சுவரில் ஜன்னல் அடிக்க ஒத்துக்கொண்டார், கூரைக்குக் கீழே காற்று போக இடைவெளி விட ஒத்துக்கொண்டார். இரண்டும் முடிந்துவிட்டது, செலவில் பாதி என்னுடையது. ஆள் எண்ணிக்கையைக் குறைக்க ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பதினாறுதான். தொழிலாளர் துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இங்கே சட்டம் தெரிந்த அண்ணன்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் அடுத்த வாரம் அனுப்பிவிடுவேன்.

ஆயாவின் பெரியவரையும் தேடிப் பார்த்தேன். நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் அடையாளம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். மொரீஷியசில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமே உண்டு. எல்லாம் இருக்கிறது, நம்மிடம் பெயர்தான் இல்லை. யார் வீட்டிலாவது கப்பல் ஏறிப் போன தாத்தா, பாட்டி கதை இருந்தால், கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெயரையும் ஊரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. ஃபோர்மேன் அனுமதியோடு நம் வொர்க்‌ஷாப் தரையில், லேத் வரிசைக்குப் பின்னால், காலையில் வந்து பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், கண்டெய்னர் அளவிலேயே. சாப்பிட்டு முடித்ததும் பன்னிரண்டு பேர் வந்து படுத்துப் பார்க்கலாம். பாய் இல்லை, துண்டு கொண்டு வந்துவிடுங்கள். ஓரத்துப் பட்டையில் படுக்க மெலிந்த ஆட்களாக மூன்று பேர் வேண்டும்.